சாச்சி ஒப்புக்கொள்ளாத மலை

எங்கள் ஊரில் உயரமானவை மூன்று: பள்ளிவாசல் மினாரா, தென்னை மரம், என் வாப்பாவின் கோபம். வாப்பாவின் தம்பி, என் சாச்சா, மலைநாட்டில் பெண் எடுத்து வந்த நாளிலிருந்து மூன்றும் சிறுத்துப் போயின. கற்பிட்டித் துறையில் வள்ளத்தை விட்டு இறங்கிய சாச்சி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தாராம். வரவேற்க வந்தவர்களில் ஒருத்தி வாய் சும்மா இராமல், ஊருக்கு மேற்கே கிடந்த மணல் மேட்டைக் காட்டி, "எங்கட ஊரிலயும் மலை ஈக்குது, பாருங்க" என்றாளாம். புதுப்பெண் தலை குனிந்து நிற்க வேண்டிய நேரம் அது. சாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"அது மலை இல்ல. மேடு."

அவர் எங்கள் ஊரில் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று உம்மா சொல்வார்.

சாச்சா கருவாட்டு வியாபாரி. அவருடைய சிப்பங்கள் வள்ளத்தில் கடலோடு சேர்ந்த களப்பைக் கடந்து புத்தளம் போகும். அங்கிருந்து லொறியில் குருநாகல். அதற்கு அப்பால் மலை ஏற்றம். கலகெதரப் பக்கத்தில் ஒரு கடைக்கார வீட்டுக்குக் கருவாடு கொடுத்து வந்தவர், ஒரு தரம் அந்த வீட்டுப் பெண்ணையும் கேட்டுவிட்டார். "நாத்தம் பிடிச்ச யாவாரம்" என்று பெண்ணின் தம்பிமார் முகம் சுளித்தார்களாம். கதவுக்குப் பின்னால் நின்ற பெண், "கருவாடு நாறத்தான் செய்யும். நாறாட்டி அது கருவாடு இல்ல" என்றாராம். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு நிக்காஹ் நடந்தது.

எதற்கும் அதன் அளவுக்கு மேல் பெயர் கொடுக்கச் சாச்சிக்கு மனம் வராது. நாங்கள் காய்ச்சல் என்று படுத்தால், தொட்டுப் பார்த்து, "மேல் கொஞ்சம் சுடுது" என்பார். புயல் அடிக்கிறது என்று ஊரே கதவடைத்தால், "காத்து" என்பார். எனக்கு வந்த மாப்பிள்ளையை உம்மா "பெரிய வியாபாரி" என்று அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்தபோது, "கடை வச்சிருக்கிறார்" என்று திருத்தியவரும் சாச்சிதான். உம்மாவுக்கு முகம் கறுத்தது. அவரையே கட்டி இத்தனை காலம் வாழ்ந்தவள் சொல்கிறேன், சாச்சி சொன்னதே சரி.

எல்லாவற்றையும் ஊர் பொறுத்துக்கொண்டது. மலை விஷயத்தில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மலையே இல்லாத ஊர்க்காரருக்கு மலை மீது ரோஷம் அதிகம். அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டு வளவில் பெண்கள் கருவாடு பிரிக்க உட்கார்ந்தால் வழக்கு தொடங்கும்.

"அப்ப மலை எண்டா என்ன? நீங்களே சொல்லுங்க பாப்பம்."

"ஏறினா மூச்சு வாங்கணும்" என்பார் சாச்சி.

எங்கள் அயலில் உடம்பு பெருத்த மாமி ஒருவர் இருந்தார். கிணற்றுப் படியில் ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். "அப்ப எனக்குக் கிணத்தடியும் மலைதான்" என்று அவர் சிரித்தார். சாச்சி அசரவில்லை. அடுத்த நாள் வேறொன்று கொண்டுவந்தார்: மலையில் தண்ணீர் ஊற வேண்டும். இதற்கு எல்லோரும் கைகொட்டினார்கள். எங்கள் மணல் மேட்டின் அடியில் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். ஊர்க் கிணறுகள் உவர்த்துப்போகும் கோடையில் நாங்கள் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். மேட்டின் மேலேறி மறுபக்கம் இறங்கி, தினமும் காலையில் குடத்தோடு போய்வருகிறவர்களில் சாச்சியும் ஒருவர்.

"அது தோண்டினா வாற தண்ணி" என்றார் சாச்சி. "மலையில கேக்காமலே வரும்."

இப்படி எத்தனையோ. மலை என்றால் அதற்கு ஒரு மறுபக்கம் இருக்க வேண்டும், அங்கே இருக்கிறவர்கள் வேறு மாதிரிக் கதைக்க வேண்டும். மலை என்றால் அதற்குச் சொந்தக்காரன் இருக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் யாராவது ஒருத்தி உடைத்துவிடுவாள். உடைந்ததைச் சாச்சி பெருக்கித் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பார். தோற்றுப்போன முகத்தை நான் அவரிடம் கண்டதில்லை. "எனக்குச் சொல்லத் தெரியாட்டி மேடு மலையாகிடுமா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் காணி அளக்க ஆட்களோடு வந்து கடற்கரையில் கூடாரம் அடித்திருந்தார். அவருடைய சமையல்காரன் கருவாடு வாங்க வந்தபோது, சாச்சி சாச்சாவைக் கொண்டு கேள்வி அனுப்பினார்: துரைமார் மலைக்கும் குன்றுக்கும் எங்கே கோடு போடுகிறார்கள்? பதில் வந்தது. துரைக்கும் தெரியாதாம், ஊர்க்காரர் சொல்லும் பெயரைப் படத்தில் எழுதிவிடுவார்களாம். "தெரியாது எண்டு சொன்னானே, நல்ல மனுசன்" என்று சாச்சி ஒரு கட்டு நல்ல கருவாடு கூடக் கொடுத்தனுப்பினார்.

சாச்சா மட்டும் உறுதியான ஒரு விளக்கம் வைத்திருந்தார். இளமையில் அவர் கடலுக்குப் போனவர். "கரையை விட்டுப் போகப் போக முதலில மணல் தாழும். பிறகு வீடு தாழும், தென்னை தாழும். தென்னை தாழ்ந்த பிறகும் எது தெரியுதோ அதுதான் மலை" என்பார். அப்படித் தெரிவது எங்கள் பக்கத்தில் ஒன்றுதான்: வடக்கே, காட்டோரத்துக் கரையில் செம்மண் சுவராக நிற்கும் குதிரைமலை. அதை வைத்துத்தான் எங்கள் ஆட்கள் கடலில் இடம் கண்டுபிடிப்பார்கள். அதைக் குறைத்துப் பேசினால் சாச்சாவுக்குப் பொறுக்காது.

"பேரிலயே மலை ஈக்குது, புள்ள."

"கடல் குதிரைக்குப் பேரில குதிரை ஈக்குது. சேணம் வச்சு ஏறுவீங்களா?"

சாச்சா சிரித்துவிடுவார். அவர்கள் இருவரும் அப்படித்தான், சண்டையும் சிரிப்புமாக.

ஆனால் ஒரு நாள் சிரிப்பு வரவில்லை. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போடுவதற்குச் சில வருஷம் முந்தியது. தன் தம்பி கல்யாணத்துக்கென்று நோன்புப் பெருநாளோடு தாய்வீட்டுக்குப் போன சாச்சி, ஹஜ்ஜுப் பெருநாள் வந்தும் திரும்பவில்லை. சாச்சா போய் அழைத்து வந்தார். வந்த களைப்பில் எங்கள் வீட்டு வாசலில் வைத்தே வாய்ச்சண்டை முற்றியது. "சுளகு மாதிரித் தட்டையாக் கிடக்கிற ஊரில மனுசன் எப்பிடி இருக்கிறது? மலையைக் கண்டாத்தான் எனக்கு மூச்சு வருது" என்றார் சாச்சி. சாச்சாவுக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"இனி நீ மலை ஏறினியோ, அண்டைக்கே உனக்கு முத்தலாக்!"

சொன்ன வாயை அவரே இரண்டு கையாலும் பொத்தினார். என்ன பயன்? வாப்பா கேட்டுக்கொண்டு நின்றார். வாப்பா மார்க்கத்தில் கண்டிப்பானவர். காதும் கூர்மை, அடுத்த வளவில் தேங்காய் விழுந்தால் எந்த மரம் என்று சொல்லுவார். அன்றைக்கே சாச்சாவை, மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் இழுத்துக்கொண்டு போனார். அப்போது எங்கள் ஊரிலிருந்த ஆலிம்சா மெலிந்த மனிதர், எதற்கும் அவசரப்படாதவர். அவர் சொன்னது இதுதான்: சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை. சாச்சி மலை ஏறாதவரை கல்யாணம் நிற்கும். ஏறிய கணத்தில் முறியும். முறிந்தால், சாதாரணமாகத் திரும்பச் சேர முடியாத முறிவு. தூக்கிக்கொண்டு போனால், வண்டியில் போனால் என்று சாச்சா கேட்டுப் பார்த்தார். ஏறினது ஏறினதுதான் என்றார் ஆலிம்சா.

ஒரு சொல்லால் சாச்சிக்குத் தாய்வீடு அற்றுப்போனது.

முதலில் அவருடைய உம்மா மலையிறங்கிப் புத்தளத்துக்கு வந்து மகளைப் பார்த்தார். கிழவிக்கு அது தூரம். அதனால் சாச்சி குருநாகலுக்குப் போகத் தொடங்கினார். பஸ்ஸில் பக்கத்தில் சாச்சா உட்கார்ந்திருப்பார், ஆசனத்தை இறுக்கிப் பிடித்தபடி. ரோட்டில் சின்ன ஏற்றம் வந்தாலும், "இது என்ன?" என்று கேட்பார். "மேடு" என்பார் சாச்சி. குருநாகல் பட்டணத்துக்கு மேலே யானை படுத்த மாதிரி ஒரு கல் நிற்கிறதே, அதைக் கண்டதும் சாச்சாவுக்கு வியர்த்துவிட்டதாம். "அது கல்லு. மலைக்கு மண் வேணும்" என்று சொல்லிவிட்டு அதன் அடியில் உட்கார்ந்து தாயோடு சோறு தின்றார் சாச்சி. அடுத்த முறை மாவத்தகம வரை போனார்கள். அங்கே நின்றால் ரோடு எழும்பத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் போகலாமா என்று சாச்சாவே கேட்டாராம், பாவம், குற்றவுணர்ச்சியில்.

"வேணாம்" என்றார் சாச்சி. "இதுக்கு மேல போனா நான் பொய் சொல்லணும்."

எல்லையை வரையறுக்கத் தெரியாதவர் எல்லையில் சரியாக நின்றார். எனக்கு அவரிடம் பயபக்தி வந்தது அதைக் கேட்ட அன்றைக்குத்தான்.

பிறகு அந்தக் கடல் பயணம் வந்தது. மன்னார்ப் பக்கத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். உம்மா, சாச்சி, நான், வேறு சில பெண்கள், கூட வாப்பா. சாச்சா வியாபாரத்தில் இருந்தார். திரும்பும்போது சோளகக் காற்று எதிரே நின்று வள்ளத்தைத் தள்ளியது. சம்மாட்டி, அதாவது வள்ளக்காரர், காற்றுக் குறையும்வரை தங்கலாம் என்று ஒரு கரையில் ஒதுக்கினார். வெயில் கொளுத்தியது. மேலே மரநிழல் தெரிந்தது. பெண்கள் செம்மண்ணில் காலை ஊன்றி ஊன்றி ஏறினோம். சாச்சி எல்லோருக்கும் முன்னால் போனார். "இத்தனை வருஷமா வீம்பு பேசினாங்களே, என்னதான் எண்டு பாப்பம்" என்று சொல்லிக்கொண்டு போனார். உச்சியில் நின்று இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கா இந்தப் பாடு? எங்கட ஊரில இதில ஆடு கட்டுவாங்க."

நாங்கள் சிரித்தோம். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. உம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"தங்கச்சி, இது குதிரைமலை. நீங்க மலை ஏறிட்டீங்க."

கீழே வாப்பா நிமிர்ந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும்.

கற்பிட்டியில் இறங்கியதும் வாப்பா சாச்சியைச் சாச்சா வீட்டுக்குப் போக விடவில்லை. ஆலிம்சா முடிவு சொல்லும்வரை எங்கள் வீட்டில் இருக்க வேண்டும், இருவரும் பார்க்கக்கூடாது. ஆலிம்சாவோ யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாச்சா காலையில் மீன் கொண்டுவந்து வேலிக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார். "இதை மீன் எண்டா கொண்டு வந்தார்? மீன்ட குஞ்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே சாச்சி அதை ஆய்வார். தலையை யாருக்கும் கொடுக்கமாட்டார், தானே தின்பார்.

செய்தி கேட்டு மலையிலிருந்து இரண்டு தம்பிமாரும் வந்தார்கள். சாச்சியின் உம்மா கிடையில் விழுந்துவிட்டார், இனி மாவத்தகம வரை இறங்கக்கூட முடியாது என்ற செய்தியையும் கொண்டு வந்தார்கள். முன்பு முகம் சுளித்த பெரிய தம்பி மெதுவாகச் சொன்னான்:

"ராத்தா, நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. அது மலைதான் எண்டு ஒரு சொல்லு சொல்லுங்க. எல்லாம் முடிஞ்சிடும். எங்களோட வாங்க. உம்மா வாசலையே பாத்துக்கொண்டு கிடக்கிறா."

அவன் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. மலை என்றால் சாச்சிக்கு விடுதலை. தாயைக் காணலாம், ஆனால் சாச்சா இல்லை. மேடு என்றால் சாச்சா உண்டு, அந்தத் தடையும் உண்டு. தாயின் முகம் இனி இல்லை. சாச்சி அன்று குசினியில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதார். புகை, தடிமன் என்று நாங்கள் எல்லோரும் சொல்லுகிற சாக்கு எதுவும் அவர் சொல்லவில்லை. "அழுறன் மகள், கொஞ்சம் தனிய விடு" என்றார். நான் வெளியே வந்து நானும் அழுதேன்.

ஆலிம்சா வீட்டில் கூடினோம். ஆண்கள் முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால். சாட்சிக்கு வந்த சம்மாட்டி நெஞ்சை நிமிர்த்தி, "பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அது மலைதான்" என்றார். கடலுக்குப் போகிறவர்கள் ஓம் ஓம் என்றார்கள். வாப்பாவும் தலையாட்டினார். ஊர் வழக்கத்தில் எதை மலை என்கிறார்களோ அது மலை என்று எடுக்கலாம் என்று ஆலிம்சா சொன்னபோது, சாச்சா தலையில் கை வைத்துக்கொண்டார். அது மலை என்று ஊர் முழுக்கச் சண்டை பிடித்தவர் அவர்தானே.

ஆலிம்சா திரைப் பக்கம் திரும்பினார். "புள்ள, நீங்க என்ன சொல்றீங்க?"

"அது மலை இல்ல."

"அப்ப மலை எண்டா என்ன?"

இன்னொரு விளக்கம் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். மூச்சு, தண்ணீர், மறுபக்கம், ஏதோ ஒன்று.

"எனக்குச் சொல்ல ஏலாது ஆலிம்சா. எவ்வளவோ சொல்லிப் பாத்தன், ஒண்டும் நிக்கல்ல. ஆனா அவர் அண்டைக்கு அந்தச் சொல்லைச் சொன்ன நேரம் எனக்கு நெஞ்சு அடைச்சது. எதை நெனச்சு அடைச்சதோ, அதைத்தான் அவரும் நெனச்சுச் சொன்னார். கடற்கரையில கிடக்கிற ஒரு மேட்டை இழந்திடுவன் எண்டு ஒரு பொம்புளைக்கு நெஞ்சு அடைக்குமா?"

ஆலிம்சா சாச்சாவைப் பார்த்தார். "அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லு. நீ என்ன மலையை நெனச்ச?"

"அவட ஊரைத்தான்" என்றார் சாச்சா. "வேற மலை எனக்கு ஞாபகத்திலயே இல்ல."

சொன்னவன் மனதில் வைத்ததுதான் இங்கே கணக்கு என்றார் ஆலிம்சா. கல்யாணம் முறியவில்லை. ஆனால் அவள் ஊர் மலைக்கு விதித்த தடை அப்படியே நிற்கிறது, அதை யாரும் மறக்க வேண்டாம். சம்மாட்டிக்கு மட்டும் சமாதானமில்லை. "அப்ப எங்கட மலை மலை இல்லையெண்டா தீர்ப்பு?" என்று எழும்பினார். "மலைதான் தம்பி, இரி. இந்தப் புள்ளட மலை இல்ல" என்றார் ஆலிம்சா.

தம்பிமார் தலை குனிந்து புறப்பட்டார்கள். சாச்சா அவர்களோடு போனார். சாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார் என்று உம்மாவுக்குக் கோபம்.

திரும்பி வந்தபோது அவர் தனியாக வரவில்லை. கிழவியைக் கதிரையில் வைத்துக் கட்டி, மூன்று பேரும் மாறி மாறிச் சுமந்து மலையை இறக்கி, பிறகு லொறியின் முன் ஆசனத்தில், பிறகு வள்ளத்தில் என்று கொண்டுவந்து சேர்த்திருந்தார். அவர் தோளில் கயிறு அறுத்த தழும்பு வெகுநாள் கிடந்தது. சாச்சி ஓடிப்போய்த் தாயின் காலைக் கட்டிக்கொண்டார். பிறகு சாச்சாவைப் பார்த்து, "வெயிலில கொண்டு வந்திருக்கிறீங்களே, தொப்பி வைக்கத் தெரியாதா?" என்று ஏசினார். அதுதான் அவருடைய நன்றி.

கிழவி எங்கள் ஊரில் சில மாதங்கள் இருந்தார். பின்னேரங்களில் வளவில் மேற்குப் பார்த்துக் கட்டில் போடுவோம். கண்ணில் பூ விழுந்திருந்ததால் அவருக்கு நிறமும் நிழலும்தான் தெரியும். ஒரு நாள் பொழுது சாயும் நேரம், வாப்பாவும் நாங்களும் அங்கே இருந்தோம். மணல் மேட்டுக்குப் பின்னால் வானம் சிவந்து கிடந்தது. கிழவி தலையைத் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மகள், அங்க தெரியிறது மலையா?"

அன்று காலையிலும் குடத்தோடு அந்த மேட்டில் ஏறி இறங்கியவர் சாச்சி. அவர் மேட்டைப் பார்த்தார், தாயைப் பார்த்தார்.

"ஓம் உம்மா. மலைதான்."

"எங்கட மலை மாதிரியே ஈக்குது."

"ஓம் உம்மா. எங்கட மலைதான்."

கிழவி தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார். நான் பயந்துபோய் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா எழும்பித் தொப்பியைச் சரிசெய்தார்.

"எனக்கு இப்ப காது சரியாக் கேக்கிறதில்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பள்ளிவாசலுக்கு நடந்தார்.